கேள்வி – பதில்: மனிதனே அளவுகோல் என்றவரும் எதுவுமே இல்லை என்றவரும்

கிரேக்கச் சிந்தனையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் மட்டும் இம்முறை இடம்பெறுகின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: 'எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது' என்னும் சார்புவாதமும், 'எதற்கும் பொருளோ மதிப்போ கிடையாது' என்னும் இன்மைவாதமும் இரட்டைப் பிள்ளைகள் என்றும், இரண்டையும் பெற்றவர்கள் பழங்கிரேக்கத்தின் சோஃபிஸ்டுகள் என்றும் வகுப்பில் சொன்னார்கள். இது சரிதானா? (முதுகலை மாணவி, திருச்சி)

பதில்: பாதிதான் சரி. சோஃபிஸ்டுகள் ஒரே கொள்கையைப் பரப்பிய கூட்டத்தார் அல்லர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று, கட்டணம் வாங்கிக்கொண்டு, பேச்சுக்கலையையும் பொதுவாழ்வுக்கு வேண்டிய பயிற்சியையும் தந்த ஆசிரியர்களுக்கு வழங்கிய பெயர் அது. வழக்குமன்றத்தில் தன் தரப்பைத் தானே எடுத்துப் பேசியாக வேண்டியிருந்த ஏதென்ஸில் அந்தக் கல்விக்கு நல்ல விலை இருந்தது. அவர்களில் மூத்தவரான புரோட்டகோரஸ் வடகிரேக்கத்து அப்தேரா நகரத்தவர். சிற்பி ஃபிடியாஸும் இன்னும் பத்துச் சிற்பிகளும் சேர்ந்து ஈட்டியதைவிட அவர் அதிகம் ஈட்டினார் என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரட்டீஸ் சொல்கிறார். சொல்லும் குரலில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது.

சார்புவாதம் இவரிடம்தான் தொடங்குகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. "எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல், இருப்பவை இருக்கின்றன என்பதற்கும் இல்லாதவை இல்லை என்பதற்கும் அவனே அளவுகோல்" என்பது 'உண்மை' என்ற தலைப்புடைய அவருடைய நூலின் தொடக்கம். நூல் அழிந்துபோயிற்று, அந்த வரி பிறர் எடுத்தாண்டதால் பிழைத்தது. பிளேட்டோ 'தியேட்டேட்டஸ்' என்னும் உரையாடலில் அதற்கு மிக எளிய விளக்கம் ஒன்றைத் தருகிறார். ஒரே காற்று வீசும்போது ஒருவர் நடுங்குகிறார், பக்கத்தில் நிற்பவர் நடுங்கவில்லை. காற்று தன்னளவில் குளிர்ந்ததா, இல்லையா? நடுங்குகிறவருக்குக் குளிர்ந்தது, மற்றவருக்குக் குளிரவில்லை என்பதற்குமேல் சொல்ல எதுவுமில்லை என்பதே புரோட்டகோரஸின் நிலை.

இதிலிருந்து 'எனவே எதற்கும் மதிப்பில்லை' என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. போயிருந்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு எதைக் கற்பித்திருப்பார்? அவர் சார்பில் பிளேட்டோவே முன்வைக்கும் விளக்கம் கவனத்துக்குரியது. நோயாளிக்கு உணவு கசக்கிறது, நலமாக இருப்பவருக்கு இனிக்கிறது. இருவர் நாக்கும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவருடைய நிலை மற்றவருடையதைவிட மேலானது. மருத்துவர் மருந்தைக் கொண்டும் ஆசிரியர் சொல்லைக் கொண்டும் ஒருவரைத் தாழ்ந்த நிலையிலிருந்து மேலான நிலைக்கு மாற்றுகிறார்கள். நகரங்களுக்கும் இதே கணக்குதான். ஒரு நகரம் எதை நீதி என்று கொள்கிறதோ அது, அப்படிக் கொள்ளும்வரை, அந்நகரத்துக்கு நீதி; தீங்கு தருவது நீதியாகத் தோன்றும் இடத்தில் நன்மை தருவது நீதியாகத் தோன்றும்படி செய்வதே அறிவுள்ள பேச்சாளரின் வேலை. ஏதென்ஸின் முன்முயற்சியில் தென் இத்தாலியில் கி.மு. 444 அளவில் நிறுவப்பட்ட தூரி நகரத்துக்குச் சட்டம் எழுதியவர் இவரே என்று ஒரு பழைய குறிப்பும் உண்டு.

பிளேட்டோ இவர் பெயரையே தலைப்பாக வைத்த இன்னோர் உரையாடலில் ஒரு புராணக் கதையை இவர் சொல்கிறார். மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதைக் கண்டு அஞ்சிய தெய்வங்களின் அரசர் ஜீயஸ், நாணத்தையும் நீதியுணர்வையும் தம் தூதரான ஹெர்மிஸிடம் கொடுத்தனுப்புகிறார். மருத்துவத்தைப்போல் சிலருக்கு மட்டும் கொடுப்பதா, எல்லாருக்குமா என்று ஹெர்மிஸ் கேட்க, 'எல்லாருக்கும். சிலரிடம் மட்டும் இருந்தால் நகரங்கள் நிலைக்காது' என்று விடை வருகிறது. மக்களாட்சிக்கு இதைவிடத் தெளிவான நியாயத்தைப் பழங்கிரேக்கத்தில் வேறெங்கும் நான் படித்ததில்லை. தெய்வங்கள் உண்டா இல்லையா என்று அறியத் தனக்கு வழியில்லை, பொருள் தெளிவற்றது, மனித ஆயுளோ குறுகியது என்று எழுதியவரும் இவரேதான். அறிய முடியாததை ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதர்கள் கூடி வாழ்வதற்கு வேண்டியதைக் கவனிப்போம் என்ற மனப்போக்கு இது. இதில் இன்மைவாதம் எங்கே இருக்கிறது?

கேள்வி: பெற்றோரின் பிணத்தைத் தின்னும் இந்தியர்களைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறாராமே. அது உண்மையா? அதைச் சார்புவாதத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: அவருடைய வரலாற்று நூலின் மூன்றாம் பகுதியில் அக்கதை இருக்கிறது. பாரசீகப் பேரரசர் டேரியஸ் தம் அவையில் இருந்த கிரேக்கர்களை அழைத்து, எவ்வளவு பொருள் கொடுத்தால் இறந்த தந்தையரின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலைத் தின்னும் வழக்கமுடைய கல்லாட்டியர் என்னும் இந்தியர்களை வரவழைத்து, கிரேக்கர்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க, எவ்வளவு கொடுத்தால் தந்தையரின் உடலை எரிப்பீர்கள் என்று கேட்டார். அவர்கள் உரக்கக் கதறி, அப்படிப்பட்ட தகாத வார்த்தையை வாயில் எடுக்கவே வேண்டாம் என்றார்களாம். வழக்கமே எல்லாருக்கும் அரசன் என்று கவிஞர் பிண்டார் பாடியது சரிதான் என்று சொல்லி ஹெரோடோட்டஸ் கதையை முடிக்கிறார். அப்படியொரு கூட்டத்தார் இருந்தார்கள் என்பதற்கு இந்தியத் தரப்பில் சான்று கிடையாது. பேரரசின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ளவர்களைப் பற்றி வழியில் கேட்ட செய்தி என்றே கொள்ள வேண்டும்.

இக்கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சற்று முன்பு, எகிப்தை வென்ற பாரசீக மன்னர் கம்பைசிஸ் அந்நாட்டின் தெய்வக் காளையைக் குறுவாளால் குத்தியதையும் கோயில் சிலைகளைக் கேலி செய்ததையும் ஹெரோடோட்டஸ் விவரிக்கிறார். பிறர் புனிதமென்று போற்றுவதைக் கேலி செய்பவர் பித்தர் என்பது அவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குத்தான் டேரியஸ் கதை ஆதாரம். வழக்கங்கள் மாறுபடுகின்றன, ஆகவே எந்த வழக்கத்துக்கும் மதிப்பில்லை என்பது அவர் வாதமாக இருந்திருந்தால் கம்பைசிஸைக் குறைசொல்ல வழியே இருந்திருக்காது. அதோடு, எரிப்பவர்களும் தின்பவர்களும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தந்தையின் உடலுக்குச் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டு என்பதில் இரு தரப்புக்கும் ஐயமே இல்லை.

ஹெரோடோட்டஸின் குரலில் உள்ள இந்த நிதானம் எல்லாரிடமும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கி.மு. 400 அளவில், டோரிய வட்டார வழக்கில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'இரட்டை வாதங்கள்' என்னும் சிறு ஏடு இருக்கிறது. செருப்பு தேய்வது போட்டிருப்பவருக்குத் தீமை, செருப்புத் தைப்பவருக்கு நன்மை. பானை உடைவது குயவருக்கு நன்மை. சாவு இறப்பவருக்குத் தீமை, பிணக் காரியம் பார்ப்பவருக்கும் கல்லறை கட்டுபவருக்கும் நன்மை என்று அது அடுக்கிக்கொண்டே போகும். உலக மக்கள் எல்லாரும் தாங்கள் இழிவென்று கருதுவதையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து குவித்து, பிறகு அவரவர் நல்லதென்று நினைப்பதை எடுத்துப் போகலாம் என்றால், குவியலில் ஒன்றுகூட மிஞ்சாது என்றும் அதில் வருகிறது. வகுப்பில் இரு தரப்பையும் பேசிப் பழகுவதற்கான பயிற்சி ஏட்டைப் படிப்பதுபோல்தான் எனக்குத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதே சிக்கல் மானிடவியலாளர்கள் முன் வந்தது. ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் 1947-இல் வெளியிட்ட அறிக்கை, விழுமியங்கள் அந்தந்தப் பண்பாட்டைச் சார்ந்தவை, ஒரு பண்பாட்டின் அளவுகோலை உலகம் முழுமைக்கும் பொதுவாக்க முடியாது என்றது. குடியேற்ற ஆதிக்கத்தைக் கண்டிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதற்குப் பின்னே இருந்தது. ஆனால் அந்த நிலையில் நின்றுகொண்டு இனவெறிச் சட்டங்களை எப்படிக் கண்டிப்பது என்று அப்போதே கேட்டார்கள். 1999-இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஏற்று வேறோர் அறிக்கை வெளியிட்டது.

கேள்வி: 'உண்மை என்று ஒன்றில்லை' என்பவர் அதையே உண்மை என்று சொல்வதால் தன்னைத் தானே மறுத்துக்கொள்கிறார். பிளேட்டோ இந்த ஒரே அடியில் புரோட்டகோரஸை வீழ்த்திவிட்டார் அல்லவா? (வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த அடி நீங்கள் நினைப்பதுபோல் அவ்வளவு பலமானதன்று. பிளேட்டோவின் வாதம் இப்படிப் போகிறது: ஒவ்வொருவர் கருத்தும் மெய் என்று புரோட்டகோரஸ் சொல்கிறார். பெரும்பாலோர் கருத்துப்படி அவர் சொல்வது பொய். அவர்கள் கருத்தும் மெய் என்று அவர் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். ஆகவே அவருடைய 'உண்மை' எவருக்கும் உண்மையாகாது, அவருக்கும்கூட. இந்த வாதத்தில் ஒரு சொல் நழுவிவிட்டதை வழக்கறிஞரான நீங்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். கருத்து 'அவரவருக்கு' மெய் என்பதே புரோட்டகோரஸின் கூற்று. 'அவர்களுக்கு என் கொள்கை பொய், எனக்கு மெய்' என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பிளேட்டோவுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். வாதம் முடிந்த சூட்டோடு, புரோட்டகோரஸ் மண்ணுக்கடியிலிருந்து கழுத்தளவு தலையை நீட்டி நம் இருவரையும் முட்டாள்கள் என்று திட்டிவிட்டு, மறுபடி உள்ளே முங்கி ஓடிவிடுவார் என்று சாக்ரட்டீஸ் வாயால் சொல்லவைக்கிறார். எதிராளியை வீழ்த்திவிட்டோம் என்று முழுமையாக நம்புகிறவர் இப்படி எழுதமாட்டார்.

அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி வரும் இன்னொரு வாதம் அளவில் சிறியது, பெரும்பாலும் பேசப்படாதது. என் பார்வையில் வென்றது அதுதான். எனக்குக் காய்ச்சல் வரும் என்று நான் நினைக்கிறேன், வராது என்று மருத்துவர் நினைக்கிறார். நாளை என்ன நடக்கும்? எனக்குக் காய்ச்சல் வந்தும் மருத்துவரளவில் வராமலும் இருக்க முடியாது. திராட்சை மது இனிக்குமா புளிக்குமா என்பதைத் தோட்டக்காரர் சொல்லலாம், யாழிசைப்பவர் சொல்ல முடியாது. இப்போது எனக்கு எப்படித் தோன்றுகிறது என்பதற்கு நானே அளவுகோல் என்று விட்டுவிடலாம். இனி நடக்கப்போவதற்கு எல்லாரும் சம அளவுகோல் அல்லர். புரோட்டகோரஸ் தம் கொள்கையை 'எது மேலானது' என்பதன்மேல் கட்டியவர். இந்தச் சட்டம் நகரத்துக்கு மேலானது என்று அவர் சொல்லும்போது, அதனால் பின்னால் நன்மை விளையும் என்றுதானே சொல்கிறார்? தாம் நின்ற மேடையிலேயே அவர் அகப்பட்டுக்கொண்டார்.

அரிஸ்டாட்டிலின் பதில் இன்னும் சுருக்கமானது. எல்லாம் ஒரே சமயத்தில் ஆம் என்றும் இல்லை என்றும் இருக்குமானால், மெகாராவுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர் ஏன் நடக்கிறார், வீட்டிலேயே இருக்கலாமே? அதிகாலையில் வழியிலுள்ள கிணற்றில் விழாமல் ஏன் விலகிப் போகிறார்? வாயால் மறுப்பவரும் காலால் ஒப்புக்கொள்கிறார் என்பது அவர் கருத்து.

கேள்வி: கோர்கியாஸ் என்பவர் 'எதுவுமே இல்லை' என்று நிறுவினாராமே? அவரைத்தான் முதல் இன்மைவாதி என்று கொள்ள வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: சிசிலித் தீவின் லியோன்டினி நகரத்தவரான கோர்கியாஸ் கி.மு. 427-இல் தம் ஊரின் தூதராக ஏதென்ஸுக்கு வந்து, பேச்சாலேயே அந்நகரத்தை மயக்கியவர். 'இல்லாததைப் பற்றி' என்ற நூலில் அவர் மூன்று படிகள் வைக்கிறார். எதுவும் இல்லை. இருந்தாலும் அதை அறிய முடியாது. அறிந்தாலும் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல முடியாது. மூல நூல் இல்லை. பிற்காலத்தார் எழுதிவைத்த இரண்டு சுருக்கங்கள் உண்டு.

இதைத் தனியாகப் படித்தால் திகைப்பாக இருக்கும். பார்மனிடீஸை முதலில் படித்துவிட்டு இதற்கு வந்தால் சிரிப்பு வரும். இருப்பது ஒன்றே, அதற்குத் தோற்றமில்லை, அழிவில்லை, மாற்றமில்லை, இல்லாததை எண்ணவும் முடியாது என்று தென் இத்தாலியின் ஏலியா நகரத்துப் பார்மனிடீஸ் தூய தருக்கத்தால் நிறுவியிருந்தார். அதே தருக்கத்தைக் கொண்டு அதற்கு நேர் எதிரானதையும் நிறுவ முடியும் என்று கோர்கியாஸ் செய்து காட்டுகிறார். டிராய்ப் போருக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஹெலனைக் குற்றத்திலிருந்து விடுவித்து எழுதிய உரையைத் தமக்கு ஒரு விளையாட்டு என்று சொல்லி முடித்தவர் அவர். ஆனால் மூன்றாம் படியை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. கண் நிறத்தைக் காண்கிறது, காது ஒலியைக் கேட்கிறது. பேசுபவர் தருவது சொல்லே தவிர நிறமன்று. அப்படியானால் நான் கண்ட நிறம் உங்களிடம் எப்படி வந்து சேரும்? மொழியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி இது.

கேள்வி: 'வல்லவன் வகுத்ததே நீதி' என்ற கொடிய கொள்கையும் சார்புவாதத்தின் விளைவுதானே? ஏதென்ஸ் மெலோஸ் தீவில் நடத்திய படுகொலைக்குச் சோஃபிஸ்டுகளின் போதனையும் ஒரு காரணம் என்று படித்தேன். (கல்லூரி விரிவுரையாளர், சென்னை)

பதில்: மெலோஸில் என்ன நடந்தது என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே நடந்த நெடும் போரில் நடுநிலை வகிக்க விரும்பிய சிறிய தீவு அது. கி.மு. 416-இல் ஏதென்ஸின் படை அதை முற்றுகையிட்டது. பணிந்தபின் வயதுவந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கினார்கள், 500 பேரைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். முற்றுகைக்கு முன் இரு தரப்புத் தூதர்களும் பேசியதாக வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியுள்ள உரையாடல், அரசியல் எழுத்திலேயே ஈரமில்லாத பக்கங்களில் ஒன்று. நீதி என்ற பேச்சு சமபலமுள்ளவர்களுக்கிடையேதான். மற்றபடி வலியவர் முடிந்ததைச் செய்வார்கள், எளியவர் பொறுத்துக்கொள்வார்கள் என்று ஏதென்ஸின் தூதர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் அடுத்துச் சொல்வதைப் படியுங்கள். எங்கே வலிமை இருக்கிறதோ அங்கே ஆள்வது இயற்கையின் கட்டாய விதி. அதை நாங்கள் உண்டாக்கவில்லை, எங்களுக்கு முன்பும் இருந்தது, எங்களுக்குப் பின்பும் இருக்கும், எங்கள் வலிமை உங்களுக்கு இருந்தால் நீங்களும் இதையே செய்வீர்கள் என்கிறார்கள். இது சார்புவாதமா? எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொருந்தும் பொதுவிதி ஒன்று உண்டு என்றல்லவா உரிமை கொண்டாடுகிறார்கள்? பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் வரும் கல்லிக்ளீஸும் இவ்வாறே பேசுகிறார். சட்டம் என்பது எளியவர்கள் கூடி வலியவர்களைக் கட்டிப்போடச் செய்த ஏற்பாடு. இயற்கையின் நீதி வேறு, அதன்படி மேலானவருக்கு மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மனிதர் வகுத்த வழக்கம், இயற்கை என்ற இரண்டில் புரோட்டகோரஸ் வழக்கத்தின் பக்கம் நின்றார். கல்லிக்ளீஸ் அதைக் காலால் உதைத்துவிட்டு இயற்கையின் பக்கம் போனவர். இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமில்லை.

புரோட்டகோரஸை முற்றிலும் விடுவித்துவிடவும் எனக்கு மனமில்லை. நகரம் எதை நீதி என்று கொள்கிறதோ அதுவே அதற்கு நீதி என்றால், மெலோஸின் ஆண்களைக் கொல்வதென்று ஏதென்ஸின் மக்களவை முடிவெடுத்த அன்று அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? 'இது உங்களுக்கு நன்மை தராது' என்று சொல்லியிருக்கலாம். 'இது அநீதி' என்று சொல்ல அவரிடம் இடமில்லை. முதல் கேள்வியில் நான் புகழ்ந்த கொள்கையின் மிகப் பலவீனமான இடம் இதுதான்.

கேள்வி: பிர்ரோ என்ற கிரேக்கர் இந்தியாவுக்கு வந்து பௌத்தத்தைக் கற்றுச் சென்றார் என்கிறார்களே? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வந்தார் என்பதற்குச் சான்று உண்டு. பௌத்தத்தைக் கற்றார் என்பது ஊகம். எலிஸ் நகரத்துப் பிர்ரோ முதலில் ஓவியராக இருந்தவர். அனக்சார்க்கஸ் என்னும் தத்துவாசிரியரோடு அலெக்சாந்தரின் படையைத் தொடர்ந்து வந்து, இந்தியாவின் ஆடையற்ற துறவிகளைச் சந்தித்தார் என்றும், அதன்பின்னரே எதையும் உறுதியாகக் கூறாமல் தீர்ப்பை நிறுத்திவைக்கும் அவருடைய முறை உருவாயிற்று என்றும், கிரேக்கத் தத்துவாசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த தயோஜெனிஸ் லயேர்ட்டியஸ் எழுதுகிறார். அத்துறவிகள் எந்தச் சமயத்தவர் என்று அவர் சொல்லவில்லை. அலெக்சாந்தர் தட்சசீலத்தில் தங்கிய கி.மு. 326-இல் அப்பகுதியில் பலவகைத் துறவியர் இருந்தார்கள்.

பிர்ரோ எதையும் எழுதவில்லை. பொருள்களுக்கிடையே வேறுபாடு காண முடியாது, அவற்றை அளக்க முடியாது, தீர்மானிக்க முடியாது. எனவே ஒன்றை ஆம் என்றோ இல்லை என்றோ பற்றிக்கொள்ளாமல் இருந்தால் மனம் கலங்காது என்பது அவர் போதனையாக மாணவர் டிமன் வழியே வந்தது. இதைக் கேட்டால் பெரிய இன்மைவாதியாகத் தோன்றுவார். அவர் வாழ்க்கை எப்படி இருந்தது? மருத்துவச்சியான தம் சகோதரியோடு குடியிருந்தார், கோழிகளையோ பன்றிக் குட்டிகளையோ சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார், வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்தார். ஊரார் அவரைத் தலைமைப் பூசாரியாக்கி, அவர் பொருட்டுத் தத்துவாசிரியர்கள் எல்லாருக்கும் வரியைத் தள்ளுபடி செய்தார்கள். ஏறத்தாழ 90 வயது வரை வாழ்ந்தார். அவரைப் பின்பற்றிய ஐயவாதிகளும் ஊர்ச் சட்டத்தையும் வழக்கத்தையும் தொழிலறிவையும் பின்பற்றி நடப்பதாகவே அறிவித்தார்கள். அப்பள்ளியின் நூல்களை நமக்குத் தந்த செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் ஒரு மருத்துவர். தம்முடைய ஐயவாதம் புரோட்டகோரஸின் கொள்கையிலிருந்து வேறுபட்டது என்று விளக்க அவர் தனியே ஒரு பகுதி ஒதுக்கினார். அந்நூல் 1562-இல் இலத்தீனில் அச்சாகியபோது பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோண்டேன் போன்றவர்கள் அதை ஆவலோடு படித்தார்கள். தம் நூலகத்து உத்தரங்களில் அதன் கிரேக்க வாசகங்களையே மோண்டேன் எழுதிவைத்திருந்தார். நவீன ஐரோப்பாவின் ஐயம் பெரும்பாலும் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தது.

கேள்வி: அப்படியானால் நவீன இன்மைவாதத்தின் கிரேக்க வேர் எது? ஜெர்மன் தத்துவாசிரியர் நீட்சே அதற்கு யாரைப் பொறுப்பாக்குகிறார்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இன்மைவாதத்தைக் குறிக்கும் நிகிலிசம் என்ற பெயரைத் தத்துவச் சண்டையில் இறக்கிவிட்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியரான யாக்கோபி. அறிவு தன்னிலிருந்தே உலகத்தைக் கட்டிக்கொள்கிறது என்றால் மிஞ்சுவது சூனியம்தான் என்று 1799-இல் தத்துவாசிரியர் ஃபிக்டேவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அவர் குற்றம் சாட்டினார். ஊரறியச் செய்தது ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1862-இல் வெளியிட்ட 'தந்தையரும் தனயரும்' நாவல். அதன் நாயகன் பசாரோவ், எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காதவன், எந்தக் கொள்கையையும் நம்பிக்கையின்பேரில் ஏற்காதவன். ஆனால் அவன் காலையில் எழுந்ததும் தவளைகளைப் பிடித்து அறுத்துப் பார்க்கிறான்; உடற்கூற்றில் அவனுக்கு அசையாத நம்பிக்கை. செக்ஸ்டஸ் அவனைக் கண்டால், முடிந்த முடிவுகளைப் பற்றிக்கொண்டிருக்கும் இன்னொருவன் என்றே சொல்லியிருப்பார்.

நீட்சே தத்துவத்துக்கு வந்தது கிரேக்க மொழியறிஞராக. தயோஜெனிஸ் லயேர்ட்டியஸ் எந்த நூல்களிலிருந்து செய்திகளை எடுத்தார் என்று ஆராய்ந்து பேரெடுத்தவர். 1869-இல், 24 வயதில், பாசெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1882-இல் வந்த 'உவகை தரும் அறிவியல்' நூலில், பித்தன் ஒருவன் பளிச்சென்ற காலையில் விளக்கேற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடி, கடவுளைத் தேடுகிறேன் என்று கூவுகிறான். பட்டப்பகலில் விளக்கோடு அலைந்து மனிதனைத் தேடுகிறேன் என்ற சினோப்பி நகரத்து தயோஜெனிஸின் கதையை அறிந்தவர்களுக்கு அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று உடனே தெரியும். சந்தையில் நிற்கும் நாத்திகர்கள் சிரிக்கிறார்கள். கடவுளை நாம்தான் கொன்றோம் என்றும், அதன் விளைவு இன்னும் உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றும் அவன் சொல்வதுதான் அந்தப் பகுதியின் உயிர்.

இன்மைவாதம் என்றால் என்ன என்ற கேள்விக்கு 1887-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் அவர் எழுதிய விடை, மிக உயர்ந்த மதிப்புகள் தம் மதிப்பைத் தாமே இழப்பது என்பது. 'தாமே' என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் ஐயவாதி வந்து அவற்றைக் கெடுக்கவில்லை. நாம் காணும் உலகம் நிழல், இதற்கு அப்பால் மாறாத மெய்யுலகம் ஒன்று உண்டு, இங்குள்ளவற்றின் மதிப்பெல்லாம் அங்கிருந்து இரவலாக வருவது என்று சொன்னவர் பிளேட்டோ. கிறிஸ்தவம் மக்களுக்கான பிளேட்டோவியம் என்று நீட்சே ஓரிடத்தில் சொல்கிறார். பிளேட்டோவின் மரபே உண்மையை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் பழக்கியது. அப்படிப் பழகிய மனம் ஒரு நாள் அந்த மெய்யுலகத்தையே சோதித்துப் பார்த்து, அதற்கு ஆதாரமில்லை என்று கண்டது. மதிப்பு முழுவதையும் அங்கே அடகு வைத்திருந்தவர்களுக்கு இங்கே கையில் ஒன்றுமில்லை. 1889-இல் வெளிவந்த 'விக்கிரகங்களின் அந்தி' நூலில் இவ்வரலாற்றை ஆறு படிகளில், ஒரு பக்கத்துக்குள் அவர் எழுதியிருக்கிறார். 'பிளேட்டோவாகிய நானே உண்மை' என்பது முதற்படி. மெய்யுலகத்தை ஒழித்தபோது தோற்ற உலகத்தையும் சேர்த்தே ஒழித்துவிட்டோம் என்பது கடைசிப்படி. அதே நூலில் சோஃபிஸ்டுகளின் பண்பாட்டையும் தூசிடிடீஸையும் அவர் பாராட்டுகிறார்.

பிளேட்டோவிடம் நீட்சே நியாயமாக நடந்துகொண்டார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தம் சொந்தக் கொள்கைக்கு எதிராக மிகக் கூர்மையான வாதங்களை 'பார்மனிடீஸ்' உரையாடலில் தாமே எழுதி வைத்தவர் பிளேட்டோ. ஆனால் இன்மைவாதத்தின் வேர் எங்கே என்பதில் நீட்சே காட்டிய இடம் சரி என்றே நினைக்கிறேன். காற்று எனக்குக் குளிர்கிறது, உங்களுக்கு இல்லை என்று கண்டு புரோட்டகோரஸ் மனமுடைந்து போகவில்லை. காற்று 'தன்னளவில்' எப்படி என்று தெரிந்தே ஆக வேண்டும், தெரியாவிட்டால் குளிருக்கும் வெயிலுக்கும் பொருளே இல்லை என்று எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவர்தான் மனமுடைவார்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எதைச் சொன்னாலும் 'அது உங்கள் பார்வை, அம்மா' என்று முடித்துவிடுகிறான். அந்தக் கிரேக்கர்கள் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: 'சரி, அது என் பார்வைதான், உன் பார்வை இதைவிட எவ்விதத்தில் மேல்?' என்று கேட்டிருப்பார் புரோட்டகோரஸ். அவரைப் பொறுத்தவரை பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மகன் முடித்துவிடும் இடமும் அதுதான். பேசுகிற பொருள் நாளை நடக்கப்போவதைப் பற்றியது என்றால், மேலே சொன்ன காய்ச்சல் வாதத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் படிக்காமலேயே தேர்வில் தேறிவிடலாம் என்பது பார்வையன்று, அது ஒரு கணிப்பு. முடிவு வரும்போது இருவருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல்தான்.

புரோட்டகோரஸ் தம் மாணவர்களிடம் கட்டணம் வாங்கிய முறையையும் அவனிடம் சொல்லுங்கள். தாம் கேட்கும் தொகை அதிகம் என்று மாணவர் கருதினால், அவர் ஒரு கோயிலுக்குப் போய், தாம் கற்ற கல்விக்கு எவ்வளவு மதிப்பு என்று தெய்வத்தின்மேல் ஆணையிட்டுச் சொல்லி, அந்தத் தொகையை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம் என்று பிளேட்டோவின் உரையாடலில் அவரே விளக்குகிறார். தெய்வம் உண்டா என்று அறிய வழியில்லை என்று எழுதியவர் வைத்த ஏற்பாடு அது. ஆணையிடப் போன மாணவர்கள் எவ்வளவு வைத்தார்கள் என்று பிளேட்டோ எழுதவில்லை. ஃபிடியாஸைவிட புரோட்டகோரஸ் அதிகம் ஈட்டினார் என்று மேலே சொன்னதைப் பார்த்தால், அவர்கள் பெரிதாகக் குறைத்து வைத்திருக்கமாட்டார்கள்.